அட்ரீனலில் சீழ்: பிணவறையிலிருந்து சிடி ஸ்கேன் வரை

1/ சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரீனல். ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம்தான். ஆனா ரெண்டுமே அழிஞ்சா, மருந்தில்லாம உயிர் தங்காது.

2/ 1855. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். தீராத அசதி, எடை குறைவு, கறுத்துப்போன தோல். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் அட்ரீனல் கெட்டிருந்தது. பலருக்குக் காரணம் காசநோய். சுரப்பிக்குள் கட்டித் தயிர் மாதிரி சீழ்.

3/ 1895ல் எக்ஸ்ரே வந்தது. அதில் சீழ் தெரியாது. புண் ஆறி, சுண்ணாம்பு படிந்தால்தான் வெள்ளையாத் தெரியும். 1940களின் கடைசியில், முதுகுத்தண்டின் அடிப்பக்கம் ஊசி வழியா வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து சுரப்பியின் வடிவத்தைப் பார்த்தாங்க. வாயு ரத்தத்தில் ஏறி இறந்தவங்களும் உண்டு.

4/ 1971ல் லண்டனில் முதல் சிடி ஸ்கேன், அதுவும் தலைக்கு மட்டும். சில வருஷத்தில் வயிற்றுக்கும் வந்தது. சுரப்பி வீங்கி, நடுவில் கறுப்பா, சுத்தி வெள்ளை வளையமா இருந்தா உள்ளே சீழ்னு சந்தேகப்படுவோம். சில புற்றுநோயும் இப்படியே தெரியும். அதனால சிலருக்கு ஊசியில் சாம்பிள் எடுக்கணும்.

5/ அடிசன் பிணவறையில் பார்த்ததை, இன்னைக்கு உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். ஆனா ஸ்கேன் வரைக்கும் நோயாளி வரணுமே! ஈறு, உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்து, அசதியும் எடை குறைவும் இருந்தா "வெயில்ல அலைஞ்சது"ன்னு விட்டுடாதீங்க. ரத்தத்தில் கார்டிசால் பாருங்க. டிபின்னா, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.