பிரகலாதனும் பாய்ஸ் கம்பெனியும்

சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் நடத்துவது என்ற ஏற்பாடு தமிழில் குழந்தைமையின் மீதுள்ள மோகத்தால் வந்ததல்ல. பெரிய நடிகர்கள் பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. மேடையிலேயே போட்டி போட்டுத் தர்க்கம் செய்தார்கள். எழுதியது எழுதியபடி வரவில்லை. (வங்கியில் கையெழுத்து ஒத்துப்பார்க்கிற எனக்கு இந்த எரிச்சல் புரிகிறது.) சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை 1918-இல் மதுரையில் தொடங்கியது. அதில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. ஆறு வயதுப் பையன் எதிர்த்துப் பேசமாட்டான்.

அந்தச் சுவாமிகள்தான் 'பிரகலாதன்' நாடகத்தையும் எழுதினார். பிரகலாதன் யார்? தகப்பன் சொல்லைத் தட்டுகிறவன். வாத்தியார் சொல்லச் சொன்ன பெயரைச் சொல்ல மறுத்து, கூடப் படிக்கும் பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவன். பாய்ஸ் கம்பெனி வீட்டிலோ காலையில் ஆர்மோனியத்தின் முன் பாட்டு, பிறகு வசனம் நெட்டுரு, தவறினால் பிரம்பு. இரவில் அதே பையன் இன்னொரு வாத்தியாரின் பிரம்புக்கு முன் நின்று மறுத்தாக வேண்டும். அந்த மறுப்பையும் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும். சபையோர் கள்ளமின்மை என்று கண்டு கண் கலங்கியது இந்தப் பயிற்சியைத்தான் என்று நினைக்கிறேன். பொய் என்று சொல்லவரவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் குரல் பிள்ளைகளிடம் இருந்தது. அங்கே பக்திக்கு உரைகல் சுருதிதான்.

யானை, பாம்பு, நஞ்சு, நெருப்பு, மலையுச்சி, முடிவில் தூண்: காட்சி ஜோடனைக்கு இதைவிட வாகான கதை இல்லை. கன்னையா கம்பெனியின் தசாவதாரம் ஜோடனைக்கே பேர்போனது. ஆனால் தந்திரக் காட்சிகள் பெருகப் பெருகப் பையன் சிறுத்துப்போகிறான். நின்று பாடுவதைத் தவிர அவனுக்கு வேலையில்லை. மெலட்டூர் பாகவத மேளாவில் பாரம் வேறிடத்தில் இருக்கிறது. நரசிம்ம முகமூடி பூஜைக்குரியது. அதை அணிகிறவர் விரதமிருக்கிறார். நம்பிக்கையைச் சுமப்பவர் அங்கே முகமூடிக்குள் இருக்கும் பெரியவர்.

1934-இல் மேடையேறிய பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' குழந்தையையே அகற்றிவிட்டது. அதில் பிரகலாதன் காதல்வயப்பட்ட வாலிபன். பகுத்தறிவு நாடகம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கண்ணெதிரே ஒரு பாலகன் பாடிக்கொண்டிருக்கும்வரை இரணியனுக்கு நியாயம் கேட்க எந்தச் சபையும் தயாராக இராது. பாய்ஸ் கம்பெனியின் பலம் எதுவென்று அதன் எதிரிக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பலத்துக்கு ஆயுள் சில வருஷங்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் வேஷம் அடுத்த பையனுக்குப் போய்விடும். இவன் இரணியனின் சேவகர்களில் ஒருவனாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அல்லது ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.