வெளியிலிருந்து வந்த பிரிவும் நம்மூர்ப் பிரிவும்

புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோவிலைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் போய்வருகிறோம். அங்கே முன்பு இருந்த பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் நின்றது. ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். 1745 அக்டோபரில் பறச்சேரி மக்கள் பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிபட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

அது கத்தோலிக்கக் கோவில். புராட்டஸ்டண்டுகள் மட்டும் என்ன வாழ்ந்தது? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் பணியவில்லை. 1840க்குப் பிறகு, சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்ததும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மிஷன் கண்டித்தால் இன்னொரு மிஷன். சபைகள் பலவாக இருந்தது சாதிக்கு வசதியாகத்தான் இருந்தது.

இந்தப் பின்னணியோடு சபை ஐக்கியத்தைப் பார்க்க வேண்டும். 1919 மே மாதம், நம் காரைக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடியில் போதகர்கள் கூடினார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நாடார் குடும்பத்தில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர். நம் சபைகளைப் பிரித்துவைத்திருக்கும் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்று அந்தக் கூட்டம் அறிவித்தது. உண்மைதான். ஸ்காட்லாந்தின் சண்டையும் இங்கிலாந்தின் சண்டையும் நமக்கு எதற்கு? ஆனால் நாமே உண்டாக்கிய பிரிவு ஒன்று இருந்ததே!

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. பெரும் தகராறு பிஷப் பதவி பற்றியது: பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் செல்லுவாரா, மாட்டாரா? ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த தூரத்துக்கு அந்த அளவு பொறுமையோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் நம் வருத்தம். கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்தன. தமிழ் லுத்தரன் சபை சேரவில்லை. அசரியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருடைய தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் சபையை நிரப்பியவர்கள் மாலர், மாதிகர் மக்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1964இல் நமக்கென்று தனியாக ஒரு பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்துவும் சீக்கியரும் மட்டுமே பட்டியல் சாதி என்றது அது. 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகிவிட்டால், எந்தச் சபையானாலும், பட்டியலுக்கு வெளியே. சேரியிலேயே குடியிருந்தாலும், கல்லறைத் தோட்டத்தில் தனி மூலைதான் கிடைத்தாலும், சட்டத்தின் கணக்கில் அவருக்குச் சாதி இல்லை.