கிளாரிந்தா: பொருந்தாக் காதலும் வரலாற்றுக் குறிப்பும்

தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய ஒப்புகளாகப் பிறப்பு, குடிமை, ஆண்டு, திரு முதலிய பத்தினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது. தலைவன் உயர்ந்தவனாயின் தடையில்லை என்று களவியல் ஒரு நெகிழ்வும் தருகின்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஓர் இணையரிடம் இவ்வளவுகோல் பயன்படவில்லை. ஒருவர் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. மற்றவர் தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவை. அதிகாரத்தால் அவர் உயர்ந்தவர். சாதி வழக்கின்படி அப்பெண்ணே உயர்ந்தவர். இவர்களை வைத்து அ. மாதவையா 1915இல் வெளியிட்ட ஆங்கில வரலாற்று நாவலே 'கிளாரிந்தா'.

இவ்வுறவைப் பற்றி மறைப்பணி ஆவணங்கள் கூறுவன மிகச் சில. அதிகாரி அப்பெண்ணுக்கு ஆங்கிலமும் கிறித்தவக் கொள்கையும் கற்பித்தார். அவர் திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி அதிகாரியுடன் வாழ்ந்தமையால் சுவார்ட்ஸ் பாதிரியார் மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல், கிளாரிந்தா என்ற பெயருடன் அது நிறைவேறியது. ஆவணத்தின் நோக்கில் அவ்வுறவு ஒரு தடை. மரணம் அதனை நீக்கியது. அன்பு என்ற சொல்லுக்கு அங்கு இடமில்லை.

மாதவையா கைவைப்பது இவ்விடத்தில்தான். சிதையிலிருந்து அதிகாரி மீட்ட பெண், நாவலில் நன்றிக்கடனால் மட்டும் அவருடன் தங்கியவர் அல்லர். கல்வியின் வழியாகவும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட மதிப்பின் வழியாகவும் அவர்களது காதல் வளர்கின்றது. 1903இல் வெளிவந்த 'முத்துமீனாட்சி'யில் விதவை மறுமணத்தை ஆதரித்தவர் மாதவையா. மறுமணத்திற்கு 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை இருந்தது. கிளாரிந்தாவின் உறவுக்கோ சட்டமும் இல்லை, சாதியும் இல்லை, திருச்சபையும் இல்லை. அதனையும் இல்லறம் என்றே வாசகரை ஏற்கச் செய்தது முன்னதைவிடத் துணிவான செயல் என்பது நம் கருத்து. (1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் அவையில் தமிழுக்காக வாதாடிய நிலையிலேயே உயிர்நீத்தவர், இக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும் எண்ணத்தக்கது.)

எனினும் ஒரு நெருடல் உண்டு. மீட்பவன் வெள்ளையன், மீட்கப்படுபவள் இந்தியப் பெண் என்னும் அமைப்பு காலனிய எழுத்துக்கு மிகவும் பழக்கமானது. களவியல் அளித்த நெகிழ்வே இங்கு வேறு உடையில் வந்துவிட்டதோ என ஐயுற இடமுண்டு. உயிரைக் கடனாகப் பெற்ற ஒருத்தி, காப்பாற்றியவரை மறுக்கும் உரிமை உடையவளாக இருந்தாளா? காதல் என்று நாம் பெயரிடும் முன் கேட்கவேண்டிய வினா இது. நாவலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர் இதனைத் தவிர்த்தல் இயலாது.

விடையின் ஒரு பகுதி, காதலை மறுத்த அதே ஆவணங்களில் கிடைக்கின்றது. 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பெயர்களில் கிளாரிந்தாவின் பெயரே முதலாவது. அவர் முயன்று எழுப்பிய ஆலயத்தைச் சுவார்ட்ஸ் 1785இல் அர்ப்பணம் செய்தார். துணைவரை இழந்தபின் எவருடைய நிழலிலும் ஒதுங்காமல் ஒரு சமூகத்தை நிலைநிறுத்திய பெண்ணை அங்கே காண்கிறோம். மாதவையா படைத்த காதலி நம்பத்தகுந்தவராகத் தோன்றுவதற்கு இப்பிற்கால வாழ்வே வலுவான சான்று.

அவ்வாலயம் இன்றும் உள்ளது. ஊர் வழக்கில் அதற்கு வழங்கிய பெயரில் லிட்டில்டனும் இல்லை, கிளாரிந்தாவும் இல்லை. அது பாப்பாத்தியம்மாள் கோயில்.