டார்ம்ஸ்டாட் சிறையில் இறந்த போதகர்: ஃபிரீட்ரிக் லூட்விக் வைடிக் (1791–1837)



1837ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர விசாரணைச் சிறையில் புராட்டஸ்டண்ட் சபைப் போதகர் ஒருவர் உயிர்நீத்தார். ஃபிரீட்ரிக் லூட்விக் வைடிக் என்பது அவர் பெயர். எட்டு நாள்களுக்கு முன்புதான் அவருக்கு 46 வயது நிறைந்திருந்தது. கைதாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தும், எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்கவில்லை. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் பட்ட பாடுகளை நாம் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

அக்காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் ஒன்றான ஹெஸ்ஸன் அரசின் தலைநகரே டார்ம்ஸ்டாட். இறையியல் கற்ற வைடிக், புட்ஸ்பாக் என்னும் சிற்றூரில் இலத்தீன் பள்ளி ஆசிரியராகவும், பின்னர் அதன் தலைவராகவும் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஒன்றுபட்ட ஜெர்மனி வேண்டும், மக்களுக்கு உரிமைகள் வேண்டும் என்று வாதிட்டவர் அவர். அதனால் அரசின் ஐயத்துக்கு உள்ளாகி, 1834இல் ஓபர்-கிளேன் என்னும் ஒதுக்குப்புறமான கிராமத்துக்குப் போதகராக மாற்றப்பட்டார்.

அவ்வாண்டு ஜூலையில் ‘ஹெஸ்ஸன் நாட்டுத் தூதன்’ என்ற துண்டு வெளியீடு இரகசியமாக அச்சாகியது. அதன் மூலப்படியை எழுதியவர் கேயோர்க் பியூஷ்னர் என்னும் 20 வயது மருத்துவ மாணவர். பிற்காலத்தில் ஜெர்மன் நாடக இலக்கியத்தின் பெரும்பெயர்களுள் ஒன்றாக விளங்கியவர் இவரே. ஏறத்தாழ 7 லட்சம் மக்களிடமிருந்து ஆண்டுதோறும் 60 லட்சம் குல்டனுக்கும் மேல் வரி வாங்கப்படுவதையும், அப்பணம் எங்கே போகிறது என்பதையும் அது கணக்குப் போட்டு உழவர்களுக்குக் காட்டியது. வைடிக் அதைத் திருத்தி, விவிலியச் சான்றுகளைச் சேர்த்தார். இறைவாக்கினர்களின் கண்டனக் குரல் உழவர்களின் செவிக்கு எளிதில் எட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

காட்டிக்கொடுப்பு நேர்ந்தது. 1834 ஆகஸ்ட் முதல் நாளிலேயே தோழர் ஒருவர் பிரதிகளோடு பிடிபட்டார். 1835 மார்ச்சில் பியூஷ்னர் எல்லை கடந்து பிரான்சுக்குத் தப்பினார். வைடிக் தம் குடும்பத்தையும் சபையையும் விட்டு ஓடவில்லை. ஏப்ரலில் கைதான அவர், சில வாரங்களில் டார்ம்ஸ்டாட் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்.

வைடிக் அரசுக்கு எதிராக இரகசியமாக இயங்கியது உண்மை. அன்றைய சட்டப்படி அது குற்றம். எனவே அவர் ஒன்றும் செய்யாதவர் என்பது என் வாதமன்று. குற்றம் செய்தவராகவே இருந்தாலும், ஒரு மனிதரை நான்கு சுவர்களுக்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதே என் கேள்வி.

உடல்வதை செய்து வாக்குமூலம் பெறும் பழைய முறை அதற்குள் ஜெர்மன் சிற்றரசுகளின் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அம்முறையின் பொய்மையை இயேசு சபைக் குரு ஃபிரீட்ரிக் ஸ்பே 1631லேயே தம் பெயரை மறைத்து வெளியிட்ட நூலில் அம்பலப்படுத்தியிருந்தார். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களுக்கு ஆன்ம ஆறுதல் அளித்தவர் அவர். வதைக்கப்படுபவர் எதையும் ஒப்புக்கொள்வார், ஆகவே வதை உண்மையை வெளிக்கொணராது, குற்றவாளிகளை உற்பத்தியே செய்யும் என்பது அவர் கண்டறிந்தது.

ஆனால், வதை ஒழிந்தபின்பும் அதற்கு இடமளித்த இரகசிய விசாரணை ஒழியவில்லை. விசாரணை நடுவர் ஒருவரே கைதியை விசாரிப்பார், சான்று திரட்டுவார், சிறையில் அவருடைய நிலையையும் தீர்மானிப்பார். எல்லாம் மூடிய அறையில் நடந்து தாளில் பதிவாகும். தீர்ப்பளிப்போர் அந்தத் தாளைப் பார்ப்பார்களேயன்றிக் கைதியின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கைதி பேச மறுத்தால், ‘கீழ்ப்படியாமைக்குத் தண்டனை’ என்ற பெயரில் அடிக்கலாம், விலங்கிடலாம். வதைக்கு வேறொரு பெயர் கிடைத்துவிட்டது.

வைடிக்கை விசாரித்தவர் கொன்ராட் கேயோர்கி. பியூஷ்னரைப் பிடிக்க 1835 ஜூனில் வெளியான தேடுதல் அறிவிப்பில் கையொப்பமிட்டவரும் இவரே. குடிப்பழக்கத்தால் இவருடைய மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்ற குற்றச்சாட்டு பின்னர் வெளிப்படையாக எழுந்தது. இத்தகையவரின் கையில் வைடிக் விலங்கிடப்பட்டார், அடிக்கப்பட்டார். பிப்ரவரி 23 காலையில் வெட்டுக்காயங்களோடு இரத்த வெள்ளத்தில் காணப்பட்டார். அப்போதும் உயிர் இருந்தது. ஆயினும் உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்படவில்லை. தற்காப்புக்கான வழிகள் யாவும் தமக்கு மறுக்கப்பட்டன என்னும் பொருள்படச் சிறைச் சுவரில் இரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது. தற்கொலை என்று அரசு அறிவித்தது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் பியூஷ்னர் சூரிச் நகரில் காய்ச்சலால் இறந்திருந்தார்.

பியூஷ்னரை இறுதி நாள்களில் பராமரித்தவர்களுள் வில்ஹெல்ம் ஷுல்ஸ் என்பவரும் அவருடைய மனைவி கரோலினும் அடங்குவர். ஷுல்ஸ் முன்னாள் இராணுவ அதிகாரி. அரசியல் கைதியாக இருந்து, மனைவியின் துணையோடு ஹெஸ்ஸன் சிறையிலிருந்து தப்பியவர். வைடிக்கின் மரணம் பற்றி அவர் ஆவணச் சான்றுகளோடு எழுதிய நூல் 1843இல் சுவிட்சர்லாந்தில் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. கேயோர்கி என்ற தனிமனிதரை மட்டும் அது குற்றஞ்சாட்டவில்லை. அவரைப் போன்றவருக்குத் தடையற்ற அதிகாரம் அளித்த இரகசிய விசாரணை முறையையே கூண்டில் ஏற்றியது. 1848 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் தேசிய மன்றம் அறிவித்த அடிப்படை உரிமைகளில், வழக்கு விசாரணை பகிரங்கமாகவும் வாய்மொழியாகவும் நடக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. அத்தகைய கோரிக்கைகளுக்கு வலுச்சேர்த்தவற்றுள் இந்தப் போதகரின் மரணமும் ஒன்று. கைதானவரை உடலாலோ உள்ளத்தாலோ துன்புறுத்தலாகாது என்று இன்றைய ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 104ஆம் பிரிவு கூறுகிறது.

நம் மண்ணிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் பெறவும் நம் முன்னோரின் விரல்களுக்குக் கிட்டி போட்டார்கள். அதை விசாரிக்க அமைந்த சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. அவ்வாணையத்துக்கு 1,959 முறையீடுகள் வந்தன. போலீசாரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. அந்தப் பாதுகாப்பைச் சிறப்புச் சட்டங்கள் தகர்த்தன. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், காவல் உயரதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்றது. அதனால் சிறையில் ஆண்டுகளைத் தொலைத்த தமிழ் இளைஞர்களின் குடும்பங்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

திருச்சிப் பகுதியில் பிறந்த அருள்தந்தை ஸ்டேன் சுவாமி சே.ச. அவர்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ‘ஊபா’ சட்டத்தின்கீழ் இராஞ்சியில் கைதானார். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுங்கும் கைகளால் குவளையைப் பிடிக்க இயலாமல், உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாடினார். பிணை கிட்டாமலேயே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர்மீதான வழக்கின் சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை. அவரைத் தடுத்துவைத்தது தன்னிச்சையான செயல் என்று ஐ.நா. செயற்குழு பின்னர் முடிவுசெய்தது. பாலஸ்தீனத்திலும் குற்றச்சாட்டே இன்றி, கைதிக்குக் காட்டப்படாத ஆவணங்களை நம்பி, ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கப்படும் ‘நிர்வாகத் தடுப்புக்காவல்’ நடைமுறையில் உள்ளது. பிரித்தானியர் 1945இல் பிறப்பித்த அவசரகால விதிகளில் அதன் வேர் இருக்கிறது.

“மக்களைக் காக்க அரசுக்கு அதிகாரம் வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். கைது செய்யலாம், குற்றஞ்சாட்டலாம், மெய்ப்பித்தால் தண்டிக்கலாம். ஆனால் அதைப் பலர் காணும் இடத்தில் செய்ய வேண்டும். அன்னாவின் வீட்டில் நள்ளிரவில் விசாரிக்கப்பட்ட நம் ஆண்டவர், தாம் எதையும் மறைவில் பேசவில்லை, கேட்டவர்களை விசாரியுங்கள் என்றே விடையளித்தார். காவலன் ஒருவன் அவரை அறைந்தான். தவறு இருந்தால் சான்று காட்டு, இல்லையேல் ஏன் அடிக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டதை யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சான்றா, அடியா என்பதே அவ்விரவின் கேள்வி. டார்ம்ஸ்டாட் சிறையின் கேள்வியும் அதுவே.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. இன்றுவரை அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. வாக்கு கேட்டு உங்களிடம் வருகிறவர்களிடம் அது ஏன் என்று கேளுங்கள். உங்கள் பங்கில் எவரேனும் விசாரணைக் கைதியாக இருந்தால், அவர் செய்தாரா இல்லையா என்று ஆராய்வதற்கு முன்பாக, அவரைப் போய்ப் பாருங்கள். ஒருவர் வந்து பார்க்கிறார் என்பதைச் சிறை அறிந்திருப்பதே கைதிக்கு ஒரு பாதுகாப்பு.

வைடிக் டார்ம்ஸ்டாட்டின் பழைய கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அந்நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம்மவர்கள் ஒருநாள் அங்கே சென்று ஒரு மெழுகுதிரி ஏற்றி, தீர்ப்பின்றிச் சிறையில் வாடும் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இறையாசி உங்களோடு இருப்பதாக.