நான்கு மாதமும் பத்து நாளும்



கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணொருவரைப் பற்றி விசாரித்தால், "அவ இத்தாவில இருக்கிறா" என்ற பதிலை நம் நாட்டில் பலரும் கேட்டிருப்பீர்கள். இத்தா என்பது அரபுச் சொல். எண்ணுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. துக்கம், தனிமை, விலக்கு என்ற பொருள் எதுவும் இச்சொல்லுக்குள் இல்லை. நாட்களை எண்ணுவதென்றால் அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு என்பதுதானே கருத்து! இதன் அருமையை உணர இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவைச் சற்று நோக்கவேண்டும்.

அக்காலத்தில் கைம்பெண் ஒரு சிறு குடிலுக்குள் ஓராண்டு ஒடுங்கிக் கிடப்பாள். இருப்பவற்றுள் மிக மோசமான ஆடையே அவளுக்கு உடை. நறுமணம் எதனையும் தொடலாகாது. ஆண்டு நிறைந்ததும் கழுதையோ ஆடோ பறவையோ கொண்டுவரப்படும். அதன்மேல் அவள் தன் உடலைத் தேய்ப்பாள். பின்னர் ஒரு விலங்கின் புழுக்கையை எடுத்து எறிவாள். அத்துடன் துக்கம் முடியும். இவ்வழக்கத்தை விவரித்தவர் ஸைனப் பின்த் அபீ ஸலமா என்ற பெண்மணி. புஹாரி ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியுள்ளது.

திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 234ஆம் வசனம், விதவையின் காத்திருப்பை நான்கு மாதமும் பத்து நாளுமாக வரையறுத்தது. வயிற்றில் பிள்ளை உண்டா என்று அறிவது இதன் ஒரு நோக்கம். எனினும் மகப்பேற்று வயதைக் கடந்த மூதாட்டிக்கும் இதே காலந்தான். எனவே மறைந்த துணைக்குச் செய்யும் மரியாதையும் இதில் அடங்கும். பெற்ற தந்தைக்குக்கூட மூன்று நாளுக்கு மேல் துக்கமில்லை. தம் தந்தை அபூ ஸுப்யான் மறைந்த மூன்றாம் நாள், நபிகளாரின் துணைவியார் உம்மு ஹபீபா நறுமணம் வருவித்துப் பூசிக்கொண்டது இதை உணர்த்துவதற்கே.

சட்டம் வந்தது, ஐயமும் கூடவே வந்தது. கருவுற்ற பெண்ணுக்குப் பிரசவமே எல்லை என்கிறது 65ஆம் அத்தியாயம். அப்படியாயின் கருவுற்ற விதவைக்கு இரண்டில் எது?

ஹிஜ்ரி 10, அதாவது கி.பி. 632. நபிகளாரின் இறுதி ஹஜ்ஜுக் காலம். பத்ருப் போரில் பங்குகொண்ட ஸஃத் இப்னு கவ்லா மக்காவில் இறந்தார். அவர் மனைவி ஸுபைஆ அப்போது கர்ப்பிணி. அதிக நாள் செல்லுமுன் பிள்ளை பிறந்தது. உடல் தேறியதும் அவர் தம்மை அலங்கரித்துக்கொண்டார். அதைக் கண்ட அபுஸ் ஸனாபில் என்பவர், நான்கு மாதமும் பத்து நாளும் கழியாமல் மறுமணம் இல்லை என்று கூறிவிட்டார். ஸுபைஆ அதைக் கேட்டு அடங்கிவிடவில்லை. அன்று மாலையே நபிகளாரிடம் நேரே சென்று வினவினார். பிரசவத்தோடு இத்தா முடிந்தது, விரும்பினால் மணம் செய்துகொள்ளலாம் என்ற விடை கிடைத்தது.

நபிகளாருக்குப் பின்னரும் இவ்விடயம் சர்ச்சையாயிற்று. இரு காலங்களில் நீண்டதே இத்தா என்றார் இப்னு அப்பாஸ். ஐயம் தீர, நபிகளாரின் துணைவியார் உம்மு ஸலமாவிடம் ஆளனுப்பினார்கள். உஹதுப் போரில் பட்ட காயத்தால் முதற் கணவரை இழந்து, தாமும் இத்தா இருந்தவர் அவர். முன்னர் சொன்ன ஸைனபின் தாயும் அவரே. அவர் ஸுபைஆவின் நிகழ்ச்சியைக் கூறினார். சட்ட அறிஞர் பெரும்பாலோர் அதனையே ஏற்றனர்.

கேட்ட பெண்கள் எல்லாருக்கும் விரும்பிய விடை கிடைத்ததென்றில்லை. கணவன் கொலையுண்டபின் பிறந்தகம் செல்ல அனுமதி கேட்டார் புரைஆ பின்த் மாலிக். முதலில் இசைந்த நபிகளார், மீண்டும் அழைத்து, தவணை முடியும்வரை அவ்வீட்டிலேயே இருக்கச் சொன்னார். பிற்காலத்தில் இதே வினா எழுந்தபோது, கலீபா உஸ்மான் புரைஆவிடமே ஆளனுப்பி விசாரித்து, அவர் சொன்னபடி தீர்ப்பளித்தார்.

முடிவே இல்லாத கைம்மை நோன்பைச் சங்கப் பாடல்களில் படித்த நமக்கு, எண்ணி முடிக்கக்கூடிய இந்தக் காத்திருப்பு சிந்தனைக்குரியது. அதனினும் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. இங்கே வினா எழுப்பியவர் பெண். சாட்சி சொன்னவர் பெண். பழைய கொடுமையை மறக்கவிடாமல் சொல்லிவைத்தவரும் பெண். இத்தாவில் இருக்கும் ஒருவரிடம் அது கூடாது, இது கூடாது என்று சொல்ல வாயெடுக்கும் எவரும், அன்று மாலை எழுந்து நடந்த ஸுபைஆவை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.