முதுமையில் மனச்சோர்வு: காந்த சிகிச்சை பற்றி அறிவோம்

வயதான அத்தாவோ அம்மாவோ பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். பசியில்லை, தூக்கமில்லை. தொழுகையில்கூட மனம் ஒட்டவில்லை என்கிறார். "வயசானா அப்படித்தான்" என்றோ, "ஈமான் பலவீனம்" என்றோ சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். இரண்டுமே தவறு. இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்து இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

மாத்திரையும் மனநல ஆலோசனையுமே முதல் சிகிச்சை. ஆனால் மனச்சோர்வு மாத்திரைகளால் முதியவர்கள் சிலர் தலைசுற்றி விழுவதுண்டு. ரத்தத்தில் சோடியம் குறைவதும் உண்டு. மாத்திரை பலன் தராதவர்களுக்கு 'டிஎம்எஸ்' எனும் காந்தத் தூண்டல் சிகிச்சை இன்னொரு வழி. 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இம்முறையை உருவாக்கினர். 2008ல் அமெரிக்க அரசு இதை மனச்சோர்வு சிகிச்சைக்கு அனுமதித்தது.

நோயாளி விழிப்புடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் இடது முன்நெற்றிக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். அதிலிருந்து வரும் காந்தத் துடிப்புகள், சோர்ந்திருக்கும் மூளைப்பகுதியைத் தூண்டும். அறுவையில்லை, மயக்க மருந்தில்லை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் சென்றுவர வேண்டும். ஒரு அமர்வு வழக்கமாக 20 முதல் 40 நிமிடம். மூன்று நிமிடத்தில் முடியும் புதிய முறையும் உண்டு. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், துடிப்பின் வலிமையை மருத்துவர் அதற்கேற்ப அமைப்பார்.

தலைவலியும், சுருள் வைத்த இடத்தில் வலியும் வரலாம். வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோகக் கிளிப், செவிக்குள் பொருத்திய கருவி உள்ளவர்களுக்கு இது கூடாது. பேஸ்மேக்கர் இருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

உடலுக்குள் எதுவும் செலுத்தப்படாததால் நோன்பு முறியாது. மயக்கம் இல்லாததால் உளூவும் முறியாது. ஆனால் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். எனவே ரமலானில் இரவு விழிப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது 'ஷாக்' சிகிச்சை அல்ல. அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படுவது. உணவையே மறுக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு இன்றும் அதுவே அதிகப் பலன் தருகிறது.

டிஎம்எஸ் எல்லோரையும் குணமாக்குவதில்லை. குணமானவர்களுக்கும் நோய் திரும்பலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. எங்கே தொடங்குவது எனத் தெரியாதவர்கள் இந்திய அரசின் 14416 இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். "சாகலாம் போலிருக்கிறது" என்று பெரியவர் சொன்னால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

துஆவும் ஓதுவோம், சிகிச்சையும் செய்வோம். நம் பெற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.