மணலை நம்பிய ஊர்

1858-ஆம் ஆண்டு கோடையில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் சவுத் பிளாட் ஆற்றையொட்டிய மணலில் கொஞ்சம் தங்கத்தூள் கிடைத்தது. கிடைத்தது சொற்பம், செய்திதான் ஊதிப் பெருத்து அமெரிக்கா முழுக்கப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள், செர்ரி க்ரீக் என்ற ஓடை பிளாட் ஆற்றில் கலக்கும் இடத்தில் இரண்டு ஊர்கள் முளைத்துவிட்டன. ஓடைக்கு மேற்கே ஆரேரியா, கிழக்கே டென்வர். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

தெற்கே பால்மர் மேட்டில் பிறந்து, எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடிவரும் ஓடை அது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கணுக்கால் நனைந்தால் அதிகம். மற்ற நாட்களில் அகலமான வெறும் மணல்தான். அந்தப் பக்கம் கூடாரமடித்து வாழ்ந்த அரபஹோ மக்கள், 'இது வெள்ளம் வரும் இடம்' என்று புதியவர்களை எச்சரித்ததாகச் சொல்வார்கள். தங்கம் தேடி வந்தவர்கள் காதில் அது ஏறவில்லை.

வில்லியம் பையர்ஸ் என்பவர் 1859 ஏப்ரலில் 'ராக்கி மவுன்டன் நியூஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எந்த ஊரில் அலுவலகம் போட்டாலும் அடுத்த ஊர்க்காரர் சந்தா கட்டமாட்டார். அவர் கண்டுபிடித்த வழி, ஓடையின் நடு மணலில் மரத்தூண்களை ஊன்றி அதன்மேல் கட்டடம் எழுப்புவது! வியாபார மூளை என்று பாராட்டத்தான் வேண்டும். 1860-இல் இரண்டு ஊர்களும் ஒன்றாகி டென்வர் என்றே ஆன பிறகும் பத்திரிகை அங்கேயே இருந்தது. நகரமன்றக் கட்டடமும் அதே ஓடையில்தான் நின்றது. ஆற்றுப் புறம்போக்கை அரசாங்கமே ஆக்கிரமித்த கதை, அந்த ஊரில் அப்படித் தொடங்கியது.

1864 மே 19 இரவு, மேட்டு நிலத்தில் கொட்டிய மழை நள்ளிரவை ஒட்டி ஊருக்குள் வந்து சேர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பத்திரிகை ஊழியர்கள் எப்படியோ தப்பினார்கள். அச்சு இயந்திரத்தோடு பத்திரிகை அலுவலகம் போனது. நகரமன்றம் ஆவணங்களோடு போனது. பாலங்கள் போயின. இருபது பேர் வரை இறந்தார்கள். பிளாட் கரையில் இருந்த பையர்ஸின் பண்ணையைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ள, கர்னல் ஜான் சிவிங்டனின் ஆட்கள் படகில் போய் அவர் குடும்பத்தை மீட்டார்கள்.

சிவிங்டன் என்ற பெயரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, சேண்ட் க்ரீக் என்ற இன்னொரு ஓடைக்கரையில், சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த செயன், அரபஹோ மக்களை இந்தக் கர்னலின் படைதான் வெட்டியும் சுட்டும் கொன்றது. இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதைப் பெரிய வெற்றி என்று புகழ்ந்து எழுதியது பையர்ஸின் பத்திரிகை. வெள்ளம் போய் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில், போட்டிப் பத்திரிகையின் அச்சகத்தை வாங்கி அவர் தன் பத்திரிகையை மறுபடியும் தொடங்கியிருந்தார்.

ஓடை அத்தோடு அடங்கவில்லை. 1878-இலும் 1885-இலும் பெருகியது. 1904-இல் மேயரான ராபர்ட் ஸ்பியர் இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, பக்கத்திலேயே மரங்கள் நிழல்தரும் சாலையும் போட்டார். இன்றும் அந்தச் சாலைக்கு அவர் பெயர்தான். 1912-இல் வந்த வெள்ளம் அவர் சுவரையும் சோதித்துப் பார்த்தது.

இதற்கிடையில் ஓடையின் மேல்பகுதியில், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், 1890-இல் காசில்வுட் அணை எழுந்தது. கட்டியது ஒரு தனியார் நிறுவனம். வெள்ளத்தைத் தடுப்பது நோக்கமல்ல. தரிசை நஞ்சையாக்கி விற்பதுதான். தொடக்கம் முதலே அணையில் கசிவு. மக்கள் பயந்தபோது, கட்டிய பொறியாளர் வெல்ஸ் 1900-இல் பகிரங்கமாகவே உறுதி கொடுத்தார்: இப்போது உயிரோடிருக்கும் எவர் காலத்திலும், வரப்போகும் தலைமுறைகள் காலத்திலும் இந்த அணை பெரும் சேதம் விளைவிக்கும்படி உடையாது என்று. தலைமுறைகள் வரை இழுத்திருக்க வேண்டியதில்லை. முப்பத்து மூன்று வருடம்தான் ஆனது.

1933 ஆகஸ்ட் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். அணையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹ்யூ பெயின், தண்ணீர் அணைக்கு மேலாக வழிவதைக் கண்டு, காரில் விரைந்துபோய்த் தொலைபேசியில் சேதி சொன்னார். நெட்டி டிரிஸ்கில் என்ற கிராமத் தொலைபேசி இணைப்பகப் பெண், ஓடைக்கரைப் பண்ணைகளை ஒவ்வொன்றாக அழைத்து எழுப்பினார். தண்ணீர் டென்வரை எட்டியபோது விடிந்துகொண்டிருந்தது. ஐயாயிரம் பேர் தாழ்ந்த பகுதிகளிலிருந்து ஓடினார்கள். பாலங்கள் ஒவ்வொன்றாக அடித்துச் செல்லப்பட்டன. மாண்டவர்கள் இரண்டு பேர். 1864-இன் சிறிய ஊரில் இருபது. லட்சக்கணக்கானோர் வாழ்ந்த நகரத்தில் இரண்டு. அந்த வித்தியாசத்தைச் சுவர்களின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. தொலைபேசிக் கம்பிகளின் கணக்கிலும், அந்தப் பெண்ணின் கணக்கிலும்தான் எழுத வேண்டும்.

பிறகு ராணுவப் பொறியாளர் படை வந்தது. நகரத்தின் விளிம்பில், நாலு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில், மண்ணால் செர்ரி க்ரீக் அணையை 1950-இல் கட்டி முடித்தார்கள். அதே ஆண்டில் பிளாட் ஆற்றின் மேல்பகுதியில் சாட்ஃபீல்ட் என்ற இன்னொரு அணைக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதி காகிதத்தில் கிடந்தது, வேலை தொடங்கவில்லை.

1965 ஜூன் 16 பிற்பகலில், சில மணி நேரத்தில் பதினான்கு அங்குலம் மழை பக்கத்துப் பிளம் க்ரீக்கின் நீர்ப்பிடிப்பில் கொட்டியது. செர்ரி க்ரீக் அணை தன் பங்கு வெள்ளத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. அணையில்லாத பிளம் க்ரீக் வழியே வந்த தண்ணீர் பிளாட் ஆற்றில் இறங்கி, டென்வரின் தொழிற்சாலைப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அந்த வெள்ளம் முழுவதிலும் இறந்தவர்கள் இருபத்தொரு பேர். சேதம் ஐம்பது கோடி டாலருக்கு மேல். பதினைந்து வருடமாகக் கிடைக்காத பணம் அதற்குப் பின் கிடைத்தது. சாட்ஃபீல்ட் வேலை 1967-இல் தொடங்கி 1975-இல் முடிந்தது.